அடைத்துக்கொண்ட கழிப்பறையை வீட்டாரே சரிசெய்தல்

கழிப்பறை அடைத்துக்கொண்டால், கையில் எதையும் எடுப்பதற்கு முன் அடைப்பு எந்த இடத்தில் என்று தெரிய வேண்டும். கோப்பையில் தண்ணீர் ஏறி நிற்பது எல்லா அடைப்புக்கும் பொதுவான அடையாளம். காரணம் கோப்பைக்கு ஒரு சாண் கீழே இருக்கலாம், வெளிச்சேம்பரில் இருக்கலாம், கொல்லைக் கடைசியில் புதைந்திருக்கும் உறைக்குழியிலும் இருக்கலாம். இடம் தெரியாமல் குத்துவதும் ஆசிட் ஊற்றுவதும் பத்து நிமிட வேலையை மூன்று நாள் வேலையாக்கிவிடும்.

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை வட்டாரத்து வீடுகளில் கழிவு போகும் வழி பெரும்பாலும் ஒரே அமைப்புதான். கோப்பைக்கு அடியில் ஒரு வளைவு இருக்கும். பிளம்பர்கள் டிராப் என்பது இதைத்தான். இதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நின்று, குழாயின் நாற்றம் அறைக்குள் ஏறாமல் தடுக்கிறது. 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இந்த வளைவை வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். நாற்றத்தைத் தடுக்கும் இந்த வளைவேதான் அடைப்புக்கும் வசதியான இடம். வேகமாக வரும் கழிவு திரும்பி ஏற வேண்டிய மேடு அங்கே இருக்கிறது. வளைவைத் தாண்டினால் நான்கு அங்குலக் குழாய், பிறகு மூடி போட்ட சேம்பர், அதற்கப்பால் செப்டிக் டேங்க். டேங்கிலிருந்து வழியும் நீர் உறைக்குழிக்கோ உறிஞ்சுகுழிக்கோ போய் மண்ணில் இறங்குகிறது. பழைய வீடுகளில் பிவிசி குழாய்க்குப் பதிலாகச் சுட்ட மண் குழாய் பதித்திருப்பார்கள்; அதன் இணைப்புகள் சிமென்ட் பூச்சு என்பதைப் பின்னால் வேர் அடைப்பைப் பார்க்கும்போது நினைவில் வைக்க வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

முதலில் வீட்டிலுள்ள மற்ற போக்குகளைப் பார்க்க வேண்டும். ஒரு கழிப்பறை மட்டும் அடைத்து, அடுத்த கழிப்பறை தாராளமாகப் போனால், கோளாறு அந்தக் கோப்பையின் வளைவில் அல்லது அதிலிருந்து பொதுக்குழாய் வரையுள்ள துண்டில். இரண்டு கழிப்பறையும் சேர்ந்து மந்தமானால் பொதுக்குழாயையோ அதற்கப்பால் உள்ளதையோ பார்க்க வேண்டும். மாடியில் தண்ணீர் ஊற்றினால் கீழ்க் கோப்பையில் குமிழி வருவதும், கீழ்த்தளக் குளியலறையின் தரைத்துளை வழியே அழுக்குத் தண்ணீர் மேலேறுவதும் பொதுக்குழாய் நிறைந்திருப்பதற்கு உறுதியான அடையாளங்கள்.

அடுத்ததாகச் சேம்பர் மூடியைத் திறந்து பார்ப்பது. வீட்டாரில் பலர் தவிர்க்கும் வேலை இது. ஆனால் பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். கோப்பை நிறைந்து, சேம்பர் காலியாகக் கிடந்தால், அடைப்பு இரண்டுக்கும் நடுவில். சேம்பரும் விளிம்பு வரை நிறைந்திருந்தால் அடைப்பு சேம்பருக்கும் டேங்குக்கும் இடையிலோ, டேங்கிலோ, உறைக்குழியிலோ இருக்கிறது. அப்போது கோப்பையில் எத்தனை முறை ரப்பர் பம்பு அடித்தாலும் பயன் இல்லை. மூடியைக் கடப்பாரையால் ஒரு பக்கம் நெம்பித் தூக்கி, கால் மணி நேரம் காற்றாட விட்டு, பிறகே அருகில் போக வேண்டும். தலையைக் குனிந்து உள்ளே நீட்டுவது, தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, பீடியோடு நிற்பது மூன்றும் கூடாது.

கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவில்தான் என்று தெரிந்தபின், எவ்வளவு தூரத்தில் என்பதை வாளியை வைத்தே கணிக்கலாம். நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தேங்கிய நீர் கசிந்து இறங்கும்வரை காத்திருந்து, பிறகு தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரு செம்பு ஊற்றியதுமே கோப்பையில் மட்டம் ஏறினால் அடைப்பு வளைவிலேயே இருக்கிறது. 16 லிட்டர் வாளி ஒன்று முழுதாக இறங்கி அதன் பிறகு ஏறினால், வளைவு சுத்தம். சுமார் இரண்டு மீட்டர் தள்ளிக் குழாயில் பார்க்க வேண்டும். குழாயின் சரிவைப் பொறுத்து இந்தக் கணக்கு முன்பின் ஆகும். ஆனாலும் அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பி எத்தனை அடி வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து நுழைப்பது என்பதை முடிவு செய்ய இது போதும்.

சாரல் காலத்துக் கோளாறு

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியே கிழக்கே இறங்கிச் சாரலாக விழுகிறது. குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழும் அதே வாரங்களில் மலையடிவாரத்து மண்ணும் ஊறி நிற்கிறது. உறைக்குழி தன் நீரைச் சுற்றுமண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும். சுற்றுமண்ணே நிறைந்திருந்தால் வாங்கிக்கொள்ள இடம் இல்லை. குழி நிறைந்து, டேங்கில் மட்டம் உயர்ந்து, குழாயில் நீர் பின்வாங்கி, கடைசியில் கோப்பையில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுக்கிறது. வீட்டாருக்கு இது அடைப்பாகத்தான் தெரியும். உண்மையில் வழியில் எந்தப் பொருளும் சிக்கியிருக்காது.

இதை அடையாளம் காண்பது எளிது. தண்ணீர் நிற்காமல், மிக மெதுவாக இறங்கும். மழை விட்டு ஓரிரு நாள் வெயில் அடித்தால் தானே சரியாகும். மறுபடி மழை பிடித்தால் மறுபடி வரும். சேம்பரைத் திறந்தால் திடக்கழிவு தேங்காமல், தெளிந்த சாம்பல் நிற நீர் ஒரே மட்டமாக நிற்கும். இப்படி இருந்தால் குத்துவதை நிறுத்திவிட்டு, டேங்குக்குப் போகும் தண்ணீரைக் குறைப்பதுதான் வழி. குளியலறை, துணி துவைக்கும் கல், சமையலறைத் தொட்டி ஆகியவற்றின் தண்ணீர் டேங்கில் சேர்ந்தால் அதைத் தற்காலிகமாக வாழைப்பாத்திக்கோ தென்னைக்கோ திருப்ப வேண்டும். லாரி வரவழைத்து டேங்கை எடுத்தால் சில நாள் தாங்கும். ஆனால் மண் ஈரம் வற்றாதவரை குழி திரும்ப நிறைந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் டேங்க் பதித்த வீடுகளில், நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது டேங்கை முழுவதும் காலி செய்வது ஆபத்து. உள்ளே எடை இல்லாத டேங்கை வெளியே உள்ள நீர் மேலே தூக்கிவிடும். குழாய் இணைப்புகள் முறிந்துபோகும்.

சீசனில் வீட்டை வாடகைக்கு விடுவோருக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2470 விதிப்படி, 5 பேர் உள்ள வீட்டுக்கான டேங்க் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டரை ஒட்டிய நீராழம் கொண்டது. கொள்ளளவு ஆயிரத்துச் சொச்சம் லிட்டர்தான். கழிவு அதில் ஒரு நாளாவது அசையாமல் தங்கினால்தான் கனமானது அடியில் படிந்து, எண்ணெய்ப்பசை மேலே ஆடை கட்டி, நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியே போகும். சனி, ஞாயிறு அருவிக்கு வந்து ஒரே வீட்டில் இருபது பேர் தங்கினால் அந்த அவகாசம் கிடைக்காது. திடக்கழிவு படியாமலே உறைக்குழிக்குத் தள்ளப்பட்டு, மண்ணின் துளைகளை அடைக்கிறது. இப்படி அடைத்த மண் கோடையில்கூட முழுமையாகத் திறக்காது; புதுக் குழி வெட்ட வேண்டிய நிலை வரும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்களும் குற்றாலத்துக்கு வருவதால், இந்த வட்டாரத்து டேங்குகளுக்கு ஆண்டில் இரண்டு முறை இந்தச் சோதனை வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான்.

எது போய் அடைக்கிறது

மலமும் தண்ணீரும் மட்டும் போனால் சரிவு ஒழுங்காக உள்ள நான்கு அங்குலக் குழாய் எளிதில் அடைக்காது. அடைப்பது வேறு பொருள்கள். சானிட்டரி நாப்கினும் குழந்தைகளின் டயாப்பரும் முதலிடத்தில் நிற்கின்றன. இரண்டுமே தண்ணீரை உறிஞ்சிப் பெருப்பதற்கென்றே செய்யப்பட்டவை. வளைவில் நுழையும்போது இருந்த அளவு அரை மணியில் இருக்காது. ஈரத்தாள் எனப்படும் வைப்ஸ் காகிதம் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை கலந்தது, தண்ணீரில் கரையாது. 2017இல் லண்டன் வைட்சேப்பல் தெருவின் அடியில் இத்தகைய வைப்ஸும் சமையல் கொழுப்பும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் இறுகிப்போனதை எடுக்கத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் உழைத்தார்கள். வீட்டுக் குழாயில் நடப்பதும் அளவில் மட்டுமே சிறியது.

குற்றாலத்தில் அதிகம் அகப்படுவது ஷாம்பு பாக்கெட். அருவியில் குளித்துவிட்டு வருபவர்கள் தலையிலுள்ள எண்ணெயைப் போக்க அறைக்கு வந்து இன்னொரு முறை குளிக்கிறார்கள். குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக உள்ள வீடுகளில், கிழித்துப் போட்ட பாக்கெட் தரைத் தண்ணீரோடு கோப்பைக்குள் போகிறது. அது வளைவின் மேட்டில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வால்வு போல வேலை செய்யும்: வெறும் தண்ணீர் வந்தால் மடங்கி வழிவிடும்; கனமாக ஏதாவது வந்தால் நிமிர்ந்து மறிக்கும். காலையில் அடைத்து, மத்தியானம் சரியாகி, இரவில் திரும்ப அடைக்கும் கோப்பையில் பெரும்பாலும் இப்படி ஒரு பாக்கெட்டோ பாலித்தீன் துண்டோ இருக்கும். உதிர்ந்த தலைமுடியும் சீயக்காய்ச் சக்கையும் எண்ணெயும் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் அடைப்பு நிரந்தரமாகிவிடும். இதைத் தள்ளுவதைவிட இழுப்பதே சரி. தள்ளினால் குழாயில் அடுத்த வளைவில் போய் உட்காரும்.

தொடங்கும் முன்

தண்ணீர் ஏறிய கோப்பையில் மறுபடி ஃப்ளஷ் செய்வதால்தான் அறையெங்கும் வழிகிறது. பழைய தொட்டி ஒரு தடவைக்கு 10 லிட்டர் வரை விடும். அதற்குக் கோப்பையில் இடம் இல்லை. வெஸ்டர்ன் கோப்பையானால் சுவரிலுள்ள ஆங்கிள் காக்கை மூடிவிட வேண்டும். பிறகு அரை மணி நேரம் அப்படியே விடலாம். மலம் மட்டுமே இறுகியிருந்தால் ஊறித் தளர்ந்து தானே இறங்குவதும் உண்டு.

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, பழைய செருப்புக்குப் பதில் காலை மூடும் காலணி, கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடியாவது வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது. டைபாய்டு, மஞ்சள் காமாலை, குடற்புழு போன்றவை மலம் பட்ட கை வழியே பரவும். மழைக்காலத்தில் எலி நடமாடும் சேம்பர்களில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். அது காயத்தின் வழியே உடம்பில் ஏறும்.

கோப்பையில் அடைப்பு எடுப்பது

முதல் முயற்சி சுடுதண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விடும். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாக இருந்தால் போதும். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு அரை டம்ளர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து, இடுப்பு உயரத்திலிருந்து அரை வாளி சுடுதண்ணீரை ஒரே தாரையாக ஊற்ற வேண்டும். எண்ணெய்ப்பசையும் மலமும் சேர்ந்த அடைப்புக்கு இது பெரும்பாலும் போதும். பிளாஸ்டிக்கோ துணியோ சிக்கியிருந்தால் இதனால் எதுவும் ஆகாது.

அடுத்தது பிளஞ்சர் எனப்படும் ரப்பர் பம்பு. தட்டையான கிண்ணம் உள்ளது சமையலறைத் தொட்டிக்கு. அடியில் கூடுதலாக ஒரு கழுத்து நீண்டிருப்பது வெஸ்டர்ன் கோப்பைக்கு. தட்டையானதை வெஸ்டர்ன் கோப்பையில் வைத்தால் ஓரத்தில் காற்று கசிந்து அழுத்தமே கிடைக்காது. ரப்பர் முழுதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் ஊற்றிக்கொள்ளவும், விளிம்பு வரை இருந்தால் பாதியை மொண்டு வாளியில் எடுத்துவிடவும் வேண்டும். பம்பைச் சாய்த்து நுழைத்து, உள்ளிருக்கும் காற்றைக் குமிழியாக வெளியேற்றிவிட்டுத் துளையில் நிமிர்த்தி அமர்த்தலாம். காற்று உள்ளே தங்கினால் கையின் பலம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். முதல் அழுத்தம் மெதுவாக. பிறகு பத்துப் பதினைந்து தடவை, மேலே இழுப்பதில் வேகம் அதிகமாக இருக்கும்படி அடிக்க வேண்டும். பலர் கீழே அழுத்துவதில் மட்டும் மூச்சைச் செலவிடுகிறார்கள். சிக்கிய பொருளை அசைப்பது இழுப்புதான். அடைப்பு விடும்போது தண்ணீர் திடீரென உள்வாங்கும் ஓசை கேட்கும், பம்பின் கனமும் கையில் குறையும். உடனே ஃப்ளஷ் செய்யாமல் ஒரு செம்பு ஊற்றிப் பார்த்து, பிறகு வாளி ஊற்ற வேண்டும்.

தரையோடு பதித்த இந்தியன் கோப்பையில் கடைப் பம்பு பல நேரம் சரியாக உட்காராது. துளை குறுகலாகவும் ஓரம் சரிவாகவும் இருப்பதே காரணம். இதற்கு ஒரு நாட்டு முறை இருக்கிறது. பம்பைவிட நன்றாக வேலை செய்யும். இடுப்பு உயர மூங்கில் கம்பின் நுனியில் பழந்துணியைப் பந்தாகச் சுற்ற வேண்டும். பந்து துளையைவிடச் சற்றே பெரிதாக, நுழைத்தால் இறுக்கமாக நிற்கும் அளவில் இருக்கட்டும். அதன் மேல் தடித்த பாலித்தீன் பையை இரண்டு மடிப்பாகப் போட்டு, சணல் கயிற்றால் மூன்று இடத்தில் வரிந்து கட்ட வேண்டும். கட்டியபின் ஒருவர் கம்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பந்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது அவசியம். தளர்ந்து கழன்றால் அந்தத் துணியே புது அடைப்பாகிவிடும். இரண்டு மூன்று செம்பு தண்ணீர் நிற்கும்போது பந்தைத் துளையில் இறக்கி, நான்கு விரற்கடை மட்டும் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முழுதாக வெளியே இழுத்தால் தண்ணீர் முகத்தில் தெறிக்கும்.

இரண்டுக்கும் அசையாவிட்டால் ஸ்பிரிங். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் முறுக்குக் கம்பிச் சுருள் இது. வீட்டுக் கோப்பைக்குப் பத்தடி நீளம் போதும். நுனியை வளைவுக்குள் விட்டு, கைப்பிடியை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். சுற்றாமல் தள்ளினால் கம்பி வளைவுக்குள்ளேயே மடங்கிச் சிக்கிக்கொள்ளும். எதிர்ப்புத் தட்டும் இடத்தில் நான்கைந்து சுற்று அங்கேயே சுற்றி, பிறகு சுற்றுவதை நிறுத்தாமல் மெல்ல வெளியே இழுக்கலாம். துணி, பாக்கெட், முடி போன்றவை நுனியில் சுற்றிக்கொண்டு வரும். வந்ததைத் திரும்பக் கோப்பையில் உதறாமல் பழைய வாளியில் போட வேண்டும். கல் போலத் தட்டி, கொஞ்சமும் விடாமல் நின்றால் அது வளைவின் பீங்கானாகவே இருக்கலாம். மேலும் இடித்தால் கோப்பை உடையும். ஸ்பிரிங் கிடைக்காத இடத்தில் ஜிஐ கம்பியின் நுனியைச் சிறு கொக்கியாக மடக்கிப் பயன்படுத்தலாம். மூன்று முயற்சிக்குமேல் அசையாத வெஸ்டர்ன் கோப்பையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதைப் பிளம்பரிடம் விட்டுவிடுவது நல்லது; கழற்றும்போது கழுத்து உடைந்தால் கோப்பையே மாற்ற வேண்டிவரும்.

ஆசிட், பிளீச்சிங் பவுடர்

அடைப்பு என்றதும் ஆசிட் பாட்டில் வாங்கி ஊற்றுவது இந்த வட்டாரத்தில் பரவலான பழக்கம். விட்டொழிக்க வேண்டிய பழக்கமும் அதுதான். டயாப்பரையோ பிளாஸ்டிக் பாக்கெட்டையோ ஆசிட் கரைக்காது. அடைப்புக்கு மேலே தேங்கி நின்று, அதன் பிறகு பம்பு அடிப்பவரின் கண்ணிலும் தோலிலும் தெறிப்பதுதான் அதனால் நடப்பது. பழைய மண் குழாயின் சிமென்ட் இணைப்பை அரிக்கும். டேங்கில் மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்று, டேங்க் சீக்கிரம் நிறைய வழி செய்யும். காஸ்டிக் சோடா கட்டிகள் எண்ணெய்ப்பசையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் தேங்கிய தண்ணீரில் கொட்டினால் பொங்கிச் சூடேறி மேலே தெறிக்கும்; பிவிசி இணைப்பையும் இளக்கும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாகவோ போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொல்ல விடப்பட்ட அதே வாயு. ஜன்னல் சிறிதாக உள்ள கழிப்பறையில் சில மூச்சுகளே நுரையீரலைப் பாதிக்கப் போதும். காலையில் ஒருவர் ஆசிட் ஊற்றியது தெரியாமல் மாலையில் இன்னொருவர் பிளீச்சிங் பவுடர் தூவுவதால்தான் வீடுகளில் இந்த விபத்து நேர்கிறது. அடைத்த கோப்பையில் எதை ஊற்றினோம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். வரும் பிளம்பருக்கு முதலில் சொல்ல வேண்டியதும் அதுவே.

குழாயில் அடைப்பு எடுப்பது

கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவிலான அடைப்பைச் சேம்பர் பக்கமிருந்து எடுப்பது சுலபம். அங்கிருந்து பார்த்தால் குழாய் நேராக இருக்கும். வளைவைக் கடக்க வேண்டியதில்லை. இதற்குப் பிளம்பர்கள் இன்றும் மூங்கில் பிளாச்சு வைத்திருக்கிறார்கள். விரல் அகலத்துக்குச் சீவிய நீளப் பிளாச்சு குழாயின் போக்குக்கு வளைந்துகொடுக்கும், நுனி மட்டும் விறைப்பாக நிற்கும். அரை அங்குலத் தோட்ட ஹோஸையும் பயன்படுத்தலாம். உள்ளே விட்டு மோட்டார்த் தண்ணீரைத் திறந்தால் குத்துவதும் அலசுவதும் ஒன்றாக நடக்கும். ஆனால் அந்த ஹோஸைக் குடிநீர்த் தொட்டிக்கோ செடிக்கோ மறுபடி பயன்படுத்தக் கூடாது.

வேலை தொடங்குமுன் சேம்பரிலிருந்து டேங்குக்குப் போகும் துளையின் முன்னால் ஒரு துண்டு கம்பிவலையை நிறுத்த வேண்டும். அடைத்திருந்த பொருள் விடுபட்டு ஓடிவரும்போது வலையில் தங்கும். இல்லாவிட்டால் அடுத்த குழாயில் போய் அடைக்கும். குத்துபவர் சேம்பருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மேலே இரண்டு மூன்று வாளி அழுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கும். விடுபட்டால் ஒரே வீச்சில் வரும். சேம்பர் நிறைந்திருந்தால் குத்தும் திசை மாறும்: பிளாச்சை டேங்க் பக்கம் விட வேண்டும். டேங்கின் நுழைவாயிலில் உள்ள டி குழாயில் எண்ணெய் ஆடையும் காகிதமும் சேர்ந்து இறுகியிருப்பது இங்கே வழக்கமான காரணம்.

பிளாச்சின் நுனியில் தும்பு தும்பாக மெல்லிய வேர் வந்தால், அது வேறு கதை. தென்னை, வேம்பு, ஆல் வகை மரங்களின் வேர் தண்ணீரைத் தேடி, மண் குழாயின் வெடித்த சிமென்ட் இணைப்பில் மயிரிழையாக நுழைந்து உள்ளே புதராக வளரும். குத்தினால் சில மாதத்துக்கு வழி கிடைக்கும், மறுபடி வளரும். அந்த இணைப்பைத் தோண்டி, பிவிசி குழாய் போட்டு ஒட்டுவதே நிலையான தீர்வு. மாற்றும்போது 40 அடிக்கு ஓரடி இறக்கம் கொடுத்து, செங்கோண எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவு போட்டால் இனி அங்கே அடைக்காது.

அடைப்பே இல்லாமல் கோப்பை மந்தமாக இறங்கி, குளுக் குளுக் என்று காற்று விட்டால், மாடிக்கு மேல் நிற்கும் காற்றுக்குழாயையும் பார்க்க வேண்டும். வலை போடாத குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும், அல்லது காய்ந்த இலை விழுந்து அடைத்திருக்கும். காற்று நுழையாத குழாயில் தண்ணீர் தடையின்றி ஓடாது.

டேங்க் நிறைந்திருந்தால்

வீட்டார் செய்யும் வேலை சேம்பரோடு முடிகிறது. செப்டிக் டேங்கின் மூடியைத் திறப்பதும் உள்ளே எட்டிப் பார்ப்பதும் அவர்கள் செய்யக் கூடாதவை. டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும்; அதிகமாக இருந்தால் மூக்கின் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் தெரியவில்லையே என்று இறங்கியவர் ஓரிரு மூச்சில் சரிகிறார். தூக்கக் குதித்தவரும் அவரோடு போகிறார். ஒரே டேங்கில் இரண்டு மூன்று பேராக இறந்த செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

கூலி பேசி யாரையாவது உள்ளே இறக்குவதும் குற்றம். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணிக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம், பாதுகாப்புக் கருவியில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரருக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனை காலமும் இந்த வேலை ஒரு சில சாதியினர் தலையில் சுமத்தப்பட்டு வந்தது, இறந்தவர்களும் அவர்களே. தன் வீட்டுக் கோப்பையின் அடைப்பைத் தானே எடுக்கக் கற்றுக்கொள்ளும் குடும்பம், இன்னொருவரைக் கூப்பிட்டுக் கையை உள்ளே விடச் சொல்லும் தேவையைப் பெருமளவு குறைக்கிறது.

டேங்கைக் காலி செய்ய உறிஞ்சு லாரிதான் வழி. நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பதிந்த லாரியைக் கேட்டு வாங்கலாம். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்று லாரிக்காரரிடம் கேட்பது வீட்டுக்காரரின் கடமை. இரவில் ஓடையில் திறந்துவிட்டால் அது சிற்றாற்றில் சேரும்; சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அதற்குக் கீழே உள்ள ஊர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். குடும்பம் மட்டும் இருக்கும் வீட்டில் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். சீசனில் வாடகைக்கு விடும் வீட்டில் ஆண்டுதோறும் மே மாதத்துக்குள், மண் காய்ந்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சாரல் தொடங்கியபின் எடுப்பதில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

வேலை முடிந்த பிறகு

அடைப்பு விட்டது என்று நம்புவதற்கு முன் ஒருவர் சேம்பரருகே நிற்க, இன்னொருவர் கோப்பையில் ஒரு வாளியை ஒரே தடவையில் கவிழ்க்க வேண்டும். தண்ணீர் சில விநாடிகளில் சேம்பருக்கு வந்து, திரண்டு ஓடி, உடனே வடிய வேண்டும். நூலாக நீண்ட நேரம் வந்துகொண்டிருந்தால் அடைப்பில் ஒரு துளைதான் விழுந்திருக்கிறது. பொருள் இன்னும் உள்ளேயே இருக்கிறது. மறுபடி ஸ்பிரிங் விட வேண்டும்.

வெளியே எடுத்த துணி, பாக்கெட், டயாப்பர் எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கருவிகளையும் தரையையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, அதன் பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலில் அலசலாம். கோப்பையில் ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால் அந்தக் கரைசலை அதில் ஊற்றவே கூடாது. கருவிகள் வெயிலில் காய்ந்ததும் கழிப்பறைக்கு மட்டுமென ஒதுக்கி வைக்க வேண்டும். கையைச் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவி, போட்டிருந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

வாடகைக்கு விடும் வீடுகளில் ஒவ்வொரு கழிப்பறையிலும் மூடியுள்ள குப்பைக்கூடை, அதன் மேல் நாப்கின், டயாப்பர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் இதில் என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி எழுதி ஒட்டினால் அடைப்பு வெகுவாகக் குறையும். குளியலறைத் தரைத்துளைக்கு வடிகட்டித் தட்டு போட்டு, தங்கியவர்கள் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் அதில் சேர்ந்த முடியை எடுத்துவிட வேண்டும். சேம்பர், டேங்க், உறைக்குழி மூன்றும் எங்கே என்பதை அளவோடு ஒரு தாளில் வரைந்து மின்மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வைக்கலாம். டேங்க் எடுத்த தேதியையும் அதே தாளில் எழுதிவந்தால், வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தாலும் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அதைப் பார்த்தே வேலையைத் தொடங்கிவிடுவார்.